தேரி துடைத்தவன்

கருக்குவிளைக்குக் கிழக்கே, ஊருக்கும் கடலுக்கும் நடுவில், பெருந்தேரி கிடக்கிறது. கிடக்கிறது என்று சொன்னால் தேரிக்குக் கோபம் வரும், ஏனென்றால் அந்தச் செக்கச்செவேல் மணல்மேடு ஓர் ஆடியில் இருந்த இடத்தில் அடுத்த ஆடியில் இருந்ததே கிடையாது; மேற்கேயிருந்து கச்சான் காற்று கிளம்பினால் போதும், நேற்று பள்ளமாக இருந்தது இன்று முகடாகும், முகடாக இருந்தது பள்ளமாகும், அடையாளத்துக்கு வைத்த உடைமரம் கழுத்தளவு புதைந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இறங்கிவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே சிவப்பு, அதே வளைவு, அதே வெயில். கடல் சத்தம்கூட நாலு பக்கத்திலிருந்தும் கேட்கும்.

அதனால் அந்த ஊரில் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே தடம் பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். முன்னால் போனவர்கள் காலடியைப் பார்த்துப் போ, அதே காலடியைப் பார்த்துத் திரும்பி வா, காலடி இல்லாத மணலில் கால் வைக்காதே, அவ்வளவுதான் பாடம். தடத்தை வேண்டுமென்றே அழிப்பது ஒரே ஒரு நாளில்தான். யாராவது செத்துப்போய் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டுத் திரும்பும்போது, கடைசியாக நடந்து வருகிற ஆள் இடுப்பில் ஒரு காவோலையைக் கட்டி இழுத்துக்கொண்டே வருவான். காய்ந்த அந்தப் பனையோலை சரசரவென்று எல்லார் காலடியையும் துடைத்துக்கொண்டு வரும். செத்தவர்கள் தடம் பிடித்து வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி. உயிரோடு இருக்கிறவர்கள் காலடியை அழிப்பதை அந்த ஊரில் யாரும் கனவில்கூட நினைத்ததில்லை, வைகுண்டமணி அண்ணாச்சி நினைக்கும்வரை.

வைகுண்டமணி பெருந்தேரியைக் குத்தகைக்கு எடுத்தவர். முதலில் இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள், அப்புறம் இருபது பேர் வந்தார்கள், அப்புறம் சனி ஞாயிறானால் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். பாலைவனம் பார்க்க வடக்கே அவ்வளவு தூரம் போவானேன், நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறதே என்று வாயைப் பிளந்தார்கள். அவர்களுக்கு மணல் மட்டும் போதாது, யாரும் மிதிக்காத மணல் வேண்டும். முந்தின நாள் வந்தவர்களின் செருப்புத் தடத்தைக் கண்டால் முகம் சுளித்தார்கள். அண்ணாச்சி யோசித்துப் பார்த்துவிட்டு சுயம்புவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

சுயம்புவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பொறுமைசாலி, வேலைக்குக் கூப்பிட்டால் ஏன் என்று கேட்காதவன். எட்டு வயதில் ஒரு மகள், பேராச்சி. பெண்டாட்டி தவமணி, வாய்க்கும் கைக்கும் சம வேகம் உள்ளவள்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் இறங்குன பொறவு, மூணு காவோலையைச் சேத்துக் கட்டி முழுத் தேரியையும் ஒரு இழு இழுத்து விட்டுரு. காலையில வாரவியளுக்கு மணல் புதுசா இருக்கணும்," என்றார் அண்ணாச்சி.

"அது மயானத்து வேலைலா அண்ணாச்சி," என்றான் சுயம்பு.

"எல, செத்தவனுக்குத் துடைச்சா மயானத்து வேல. சம்பளத்துக்குத் துடைச்சா அது வேல."

ஊர் ஒரு வாரம் முணுமுணுத்தது. இரண்டாவது வாரம் டீக்கடைக்காரர் தேரியடியில் ஒரு கிளை போட்டார், மூன்றாவது வாரம் நுங்கு சர்பத் வந்தது, நான்காவது வாரம் யாருக்கும் எதுவும் ஞாபகமில்லை. எங்கள் பக்கத்து ஊர்களுக்கு இந்தக் குணம் உண்டு, எதற்கும் ஒரு மாதம் போதும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், கல்யாண ஜோடி ஒன்று படம் எடுக்க ஐந்து மணிக்கு வருகிறது, அதற்குள் மணல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அண்ணாச்சி ஆள் விட்டார். சுயம்பு நாலு மணிக்கே ஓலையைக் கட்டிக்கொண்டு இழுக்க ஆரம்பித்தான். வீட்டில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, இரண்டு மணி நேரம் முன்னால் அவ்வளவுதானே. வழக்கமாக, ஆறு மணிக்காக அவன் தேரியில் காத்து உட்கார்ந்திருக்கும்போது, நாலரை மணிக்குத் தவமணி காப்பி போட்டுத் தூக்குவாளியில் ஊற்றி மகளிடம் கொடுத்துவிடுவாள். பேராச்சி அப்பன் தடத்தைப் பார்த்துக்கொண்டே ஏறுவாள், அவன் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கே போய்ச் சேருவாள், அதே தடத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கிவிடுவாள். அன்றும் ஏறினாள். அடிவாரத்தில் அப்பனின் தடம் இருந்தது. ஒரு முகடு தாண்டிய பிறகு இல்லை. அவன் இடுப்பில் கட்டிய ஓலை ஊரார் தடத்தோடு அவன் தடத்தையும் துடைத்துக்கொண்டே போயிருந்தது. அவன் வேலையை முடித்துவிட்டுத் தென்கோடி வழியாக இறங்கிப்போய் அண்ணாச்சியின் ஆபீசில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

மூன்று நாள் தேடினார்கள். ஒற்றை உடைமரம் நின்ற பள்ளத்தில் தூக்குவாளி கிடைத்தது, மூடி திறக்காமல், காப்பி சிந்தாமல். பிள்ளை கிடைக்கவில்லை. போலீஸ் கேட்டபோது சுயம்பு சொன்னான், "நான் எப்பவும் போல ஆறு மணிக்குத்தான் சார் துடைச்சேன். அதுக்கு முன்ன காத்து அழிச்சிருக்கும்." ஆள் விட்ட அண்ணாச்சியும் அதை மறுக்கவில்லை. ஆடிக் காற்று என்றால் நம்பாமல் இருப்பார்களா? எல்லாரும் காற்றைத்தான் திட்டினார்கள். தவமணி வாசலில் நின்று மேற்கே பார்த்து மண்ணை வாரி வாரித் தூற்றினாள். அந்த மண் அவள் முகத்திலேயே வந்து விழுந்ததை சுயம்பு பார்த்துக்கொண்டு நின்றான்.

எட்டாம் நாள் காலையில் தேரி முகட்டில் தடம் இருந்தது. சின்னக் காலடி, வெறுங்கால், பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். பேராச்சிக்கு அப்படித்தான். தடம் முகட்டோரமாக வந்து, பள்ளத்தில் இறங்கி, உடைமரத்தைச் சுற்றி, மறுபடி முகட்டில் ஏறியது. மேலே ஆள் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் எதுவும் நடக்காது. கண்ணைச் சிமிட்டினால் ஒரு காலடி கூடியிருக்கும்.

கோயில் பூசாரி வந்து மஞ்சள்தண்ணீர் தெளித்தார். மஞ்சள்தண்ணீரை மிதித்துக்கொண்டு தடம் போனது. சாயங்காலம் சுயம்பு ஓலையை இழுத்தான். ஓலை போன பின்னாலேயே தடம் திரும்ப விழுந்தது. மறுநாள் தேரியடியில் ஊரே கூடியது, பெண்கள் அழுதார்கள், ஆண்கள் செருப்பைக் கழற்றினார்கள், பள்ளிக்கூடத்து டீச்சர் மட்டும், "நடை நல்லாத்தான் இருக்கு, நொண்டல, தள்ளாடல," என்று சொல்லி, தவமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் அந்த நேரத்தில் யாரும் சொன்னதிலேயே நல்ல வார்த்தை.

அப்புறம் ஊர் தன் வழக்கப்படி பழகிக்கொண்டது. கிராம அலுவலகத்தில் இறப்புச் சான்று கேட்டபோது, நடமாட்டம் இருக்கும்போது எப்படித் தர முடியும் என்று கையை விரித்துவிட்டார்கள். ரேஷன் கார்டில் பெயரும் நீங்கவில்லை, மாதா மாதம் பேராச்சிக்கும் சேர்த்து அரிசி வந்தது. டீச்சர் இரண்டு வருடம் வரை பேராச்சியைப் பாஸ் போட்டுக் கொடுத்தாள், பிறகு மாற்றலாகிப் போய்விட்டாள். பிள்ளையில்லாத பெண்கள் வெளியூரிலிருந்து வந்து தடத்து மணலை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள், அதில் நாலைந்து பேருக்குப் பிள்ளை பிறந்து பேராச்சி என்றே பேர் வைத்தார்கள். வைகுண்டமணி அண்ணாச்சி முதல் மாதம் துக்கமாகத்தான் இருந்தார், அதில் பொய் இல்லை. இரண்டாம் மாதம் தடத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார். மூன்றாம் மாதம் பலகை வைத்தார். யாரும் மிதிக்காத மணலில் யாருமே இல்லாமல் நடக்கிற ஒரு காலடியைப் பார்க்க, அதுவரை பெருந்தேரியைக் கேள்விப்பட்டிராத ஊர்களிலிருந்தெல்லாம் பஸ் வந்தது. மற்ற இடமெல்லாம் துடைக்க ஓலை போதாமல் டிராக்டரில் வலை கட்டி இழுத்தார்கள். சுயம்புவுக்கு ஜீப் ஓட்டக் கொடுத்தார்கள். ஊரில் இரும்புக் கதவு போடாத வீடு இல்லை, சுயம்பு வீட்டுக்கும் போட்டார்கள், அண்ணாச்சி செலவில்.

தடம் வளர்ந்தது. அதுதான் தவமணியை உயிரோடு வைத்திருந்தது. வருடம் பிறந்ததும் ஒரு நூலை எடுத்துக்கொண்டு போய்க் குதிகாலிலிருந்து விரல் நுனி வரை அளந்து, அந்த நூலை உடன்குடி பஜாரில் செருப்புக்கடையில் கொடுத்து, "இந்தக் காலுக்கு ஒரு சோடி," என்பாள். கடைக்காரர் கேள்வி கேட்காமல் எடுத்துத் தருவார். அதைத் தடத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு வருவாள். செருப்பு ஒரு நாளும் மிதிபட்டதில்லை, சுற்றுலா வந்தவர்கள் யாராவது ஞாபகார்த்தமாகத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பதினெட்டு வயது ஆனபோது சாத்தான்விளையிலிருந்து ஒருவன், பெண்டாட்டியை இழந்தவன், தாம்பூலத்தோடு பெண் கேட்டே வந்துவிட்டான். தவமணி அவனை உட்காரவைத்து மோர் கொடுத்து, "அவகிட்ட கேட்டுச் சொல்லுதேன்," என்று அனுப்பினாள். கேலிக்குச் சொன்னாளா நிஜமாகவே சொன்னாளா என்று ஊருக்கு இன்றுவரை தெரியாது.

சுயம்புவுக்கு மட்டும் ஒன்று தெரியும். தடம் எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் உடைமரத்துப் பள்ளம். அன்றைக்கு நாலு மணிக்கு அவன் ஓலையை இடுப்பில் கட்டிய இடம் அது. அங்கேதான் அவனுடைய தடம் அற்றுப்போனது. பிள்ளை வீட்டைத் தேடவில்லை, அப்பன் காலடியைத் தேடுகிறாள். ஒரு காலடி கிடைத்தால் அடுத்ததையும் பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள். போய் நடந்துகாட்டினால் போதும். ஆனால் நடந்துகாட்டினால், ஏன் நடக்கிறாய் என்று கேட்பார்கள். ஜீப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டு, "அந்தா தெரியுது பாருங்க," என்று கையை நீட்டுவான், நீட்டிய பக்கம் தான் பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்வான், வந்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். கோழையாக இருப்பது கஷ்டமான வேலை இல்லை. ஒவ்வொரு நாளும் அன்றைக்கு மட்டும் இருந்தால் போதும். அப்படி அவன் பன்னிரண்டு வருடம் இருந்தான்.

பன்னிரண்டாவது வருடம் ஆனியில் தவமணி தடம் பார்க்கப் போய்விட்டு முகம் வெளிறித் திரும்பினாள்.

"ஏங்க, தடம் ஆழமே இல்ல," என்றாள். "முன்ன விரல வச்சா ஒரு கணு இறங்கும். இப்ப நகம்கூட முழுசா மறையல."

"காத்தா இருக்கும்."

"காத்து இல்ல. அவ எடை குறைஞ்சிக்கிட்டே போறா. நம்ம பிள்ள லேசாயிட்டே போறா. இப்படியே போனா இந்த ஆடி தாண்டாது."

அவள் சொன்னது சரிதான். ஒவ்வொரு நாளும் தடம் மேலெழும்பி வந்தது. ஆடி பிறந்தபோது விரல்கள் மட்டும் தெரிந்தன. அண்ணாச்சி கவலைப்பட்டு, வந்தவர்களுக்குத் தெரியட்டும் என்று நாலு பக்கமும் விளக்கு போட்டார். தவமணி சாப்பிடுவதை விட்டுவிட்டாள். அவள் நெஞ்சு குழிந்துபோனதைப் பார்த்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் மகள் போய்க்கொண்டிருப்பதையும் பார்த்து, சுயம்பு முதல் தடவையாக, பொய்யைவிடப் பெரிய பயம் ஒன்று இருப்பதைக் கண்டுகொண்டான்.

அந்த வாரமே அண்ணாச்சியின் தகப்பனார் செத்துப்போனார். சாவு விழுந்த அன்று தேரியில் யாரும் ஏறுவதில்லை, அது அண்ணாச்சியாலும் மாற்ற முடியாத வழக்கம். பஸ்களைத் திருப்பி அனுப்பினார்கள், டிராக்டர் நின்றது, ஊர் அநேகமாகச் சாவு வீட்டில் இருந்தது. காலை பத்து மணிக்கு சுயம்பு செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு தேரி ஏறினான். மணல் கொதித்தது. கயிற்றைத் தாண்டி, முகட்டைத் தாண்டி, பள்ளத்தில் இறங்கி, உடைமரத்தடியில் நின்றான். மணலில் ஐந்து விரல் மட்டும் லேசாகப் பதிந்து, அவனைப் பார்த்து நின்றது.

"பேராச்சி," என்றான். அந்தப் பேரை அவன் பன்னிரண்டு வருடமாக உச்சரித்ததில்லை. "அப்பாக்க தடம் இந்தா இருக்கு. பாத்து வா."

திரும்பி நடந்தான். ஒவ்வொரு அடியையும் குதிகாலால் அழுத்தி, விரலால் அழுத்தி, பிள்ளைக்குச் சோறு பிசைந்து வைப்பது மாதிரி நிதானமாக வைத்துக்கொண்டு நடந்தான். ஒரு முகடு ஏறியதும் திரும்பிப் பார்த்தான். அவன் காலடி ஒவ்வொன்றுக்குள்ளேயும் இன்னொரு காலடி, அதைவிடச் சின்னது, இரண்டாம் விரல் நீளமானது, விழுந்துகொண்டே வந்தது. முதலில் விரல் மட்டும், அப்புறம் பாதி, அப்புறம் முழுதும். அவன் தேரியை விட்டு இறங்கி ஊர்த்தெரு மணலுக்கு வந்தபோது அந்தத் தடம் கணு ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அவனுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. கால் பொத்துப்போனது தெரியவில்லை.

தவமணி முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். சாவு வீட்டுக்குப் போக அவளுக்குத் தெம்பில்லை. புருஷன் வெறுங்காலோடு வருவதைப் பார்த்தாள், அவன் பின்னால் முற்றத்து மணலில் விழுகிற தடத்தைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை, தவழ்ந்துதான் வந்தாள். தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"வந்துட்டியா மக்கா," என்றாள். "வா. உள்ள வா. இவ்வளவு நேரமா?"

தடம் வாசற்படிக்கு இரண்டடி முன்னால் நின்றது, விரல்கள் வீட்டைப் பார்த்தபடி. தவமணி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, மணலைத் தடவித் தடவி, கேட்கக் கூடாத பைத்தியக்காரக் கேள்வியெல்லாம் கேட்டாள், சாப்பிட்டியா, கால் சுட்டுதா, யார்கூட இருந்தே. அப்புறம் தலையை நிமிர்த்திப் புருஷனைப் பார்த்தாள். அந்த நேரத்தில்கூட அவளுக்குச் சந்தேகமில்லை, சந்தோஷம்தான்.

"பன்னெண்டு வருசமா வராத பிள்ள, இன்னைக்கு எப்படிங்க வந்தா? என்ன செஞ்சீய?"

"நடந்தேன்," என்றான் சுயம்பு. "என் தடத்தப் பிடிச்சிட்டு வந்துட்டா."

"அப்ப இத்தன நாளும் நடந்திருக்கலாமே."

அவன் குனிந்து பாதத்து மணலைத் தட்டினான்.

"நடந்தா வருவாள்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பொய் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. கனவில் சாமி சொன்னது என்றால் அவள் நம்பியிருப்பாள். ஆனால் மகள் அங்கே நின்றுகொண்டிருந்தாள், ஐந்து விரலும் வீட்டைப் பார்த்து. சுயம்பு மண்டி போட்டான்.

"அன்னைக்கு ஆறு மணி இல்ல, தவமணி. நாலு மணிக்கே துடைச்சேன். கல்யாண ஜோடிக்காக. உங்கிட்ட சொல்லல. போலீசுகிட்டயும் சொல்லல. காத்து இல்ல. நான்தான் துடைச்சேன்."

பக்கத்து வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. தவமணி அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவள் காற்றையல்லவா பன்னிரண்டு வருடமாகச் சபித்துக்கொண்டிருந்தாள். கீழே பார்த்தாள். சுயம்புவும் பார்த்தான். இருவரும் ஒரே நேரத்தில் கண்ணைச் சிமிட்டியிருக்க வேண்டும். தடம் திரும்பியிருந்தது. குதிகால் வீட்டுக்கும் விரல்கள் தேரிக்குமாக.

"மக்கா, நில்லு," என்றாள் தவமணி. தடம் நிற்கவில்லை. முற்றத்தைத் தாண்டியது, இரும்புக் கதவைத் தாண்டியது. இந்தத் தடவை யார் காலடியையும் பார்க்காமல், சுயம்புவின் தடத்தை விட்டு விலகி, தன் வழியில் போனது. தவமணி எழுந்தாள். சேலையை உதறிச் செருகிக்கொண்டாள். வாசலில் செருப்பு கிடந்தது, போட்டுக்கொள்ளவில்லை.

சுயம்புவும் எழுந்தான்.

"நீங்க வராண்டாம்," என்றாள், அவ்வளவுதான்.

சாவு வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நாலு பேர் அவள் தேரி ஏறுவதைப் பார்த்தார்கள். பக்கத்தில் யாரோ நடக்கிறது மாதிரி ஒரு கையைச் சற்றே விலக்கிப் பிடித்தபடி ஏறினாள். முகட்டைத் தாண்டினாள். மறுநாள் அவளைத் தேடிப் போனவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. தடம்தான் கிடைத்தது, இரண்டு ஜோடி, பக்கத்தில் பக்கத்தில், இரண்டும் நல்ல ஆழம்.

வேலிக்கு அந்தப் பக்கம் கேட்ட வார்த்தை ஊரெல்லாம் பரவி, ஊர் சுயம்புவோடு பேசுவதை நிறுத்தியது. டீக்கடையில் டம்ளரை நகர்த்திவைத்தார்கள். ஆனால் சொன்னேனே, எதற்கும் ஒரு மாதம். இரண்டு ஜோடித் தடம் பார்க்க முன்பைவிட இரண்டு மடங்கு கூட்டம் வந்தது, வந்தவர்கள் இரண்டாவது தடம் யாருடையது என்று கேட்டார்கள், ஜீப்காரர்கள் கதையைச் சொன்னார்கள், கேட்டவர்கள் விம்மி அழுதார்கள், அழுதுவிட்டு அடுத்த வாரம் சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அண்ணாச்சி ஒரு நாள் சுயம்பு வீட்டு முற்றத்துக்கே வந்தார்.

"ஏ சுயம்பு, ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லுதாவ. ஒருத்தன் நீ பிள்ளைய வித்துட்டேங்கிறான். அது உனக்கு மரியாதையா? நீயே உன் வாயால சொல்லிரு. பதிவு பண்ணி நாலு கம்பத்துல குழா ஸ்பீக்கர் கட்டி விட்டுருவோம். தேரி முச்சூடும் கேக்கும்."

மற்றது எதுவும் சுயம்புவின் காதில் விழவில்லை. தேரி முழுதும் கேட்கும் என்பது மட்டும் விழுந்தது. கயிற்றருகே அவன் போனாலே இரண்டு தடமும் முகட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. அவன் எவ்வளவு கத்தினாலும் அந்தப் பக்கம் எட்டுவதில்லை.

"என்ன வேணும்னாலும் சொல்லலாமா அண்ணாச்சி?"

"மனசுல உள்ளத எல்லாம் சொல்லு."

ஆபீசில் ஃபேனை நிறுத்திவிட்டு மைக்கை வைத்தார்கள். சுயம்பு எல்லாவற்றையும் சொன்னான், காவோலை, கல்யாண ஜோடி, நாலு மணி, போலீசிடம் சொன்ன பொய், பன்னிரண்டு வருடம். நான்தான் துடைச்சேன் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்கினான். பிறகு, எதற்காக வந்தானோ அதைச் சொன்னான். "பேராச்சி, அப்பா செஞ்சதுக்கு மன்னிப்பே கிடையாது. எனக்காக வராண்டாம். நான் வீட்ட விட்டுப் போயிருதேன். நீயும் அம்மையும் வெயில்ல கிடக்காதீய. வீட்டுல வந்து இருங்க. தவமணி, பிள்ளையக் கூட்டிட்டு வீட்டுக்கு வா." சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், தன் இரண்டு வேட்டியையும் ஒரு பையில் வைத்துக்கட்டி, முற்றத்தைப் பெருக்கி, கதவை விரியத் திறந்துவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் தடவையாகக் குழாயில் போட்டார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுயம்பு கூட்டத்தின் கடைசியில், தடத்துக்குத் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் குரல் தேரி முழுதும் பரவியது, கடல் சத்தம்கூட அடங்கியது மாதிரி இருந்தது. முகட்டில் இரண்டு தடமும் நின்றன. விரல்கள் கம்பத்தின் பக்கம் திரும்பின. கேட்கிறார்கள். சனங்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"...காத்து இல்ல. நான்தான் துடைச்சேன்," என்றது குழாய்.

சுயம்பு பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தான்.

"வாகனங்களை உரிய இடத்தில் மட்டும் நிறுத்தவும்," என்றது ஒரு பெண் குரல். "மணல்மேட்டில் குப்பை போடாதீர்கள். குளிர்பானங்கள் நுழைவாயிலின் இடதுபுறம் கிடைக்கும்."

தடம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. இன்னும் ஏதாவது வரும் என்று நின்றிருப்பார்களோ என்னவோ. அப்புறம் திரும்பியது.

சுயம்பு ஆபீசுக்கு ஓடினான். "அண்ணாச்சி, மிச்சம் எங்க?"

"எந்த மிச்சம்?"

"வீட்டுக்கு வாங்கன்னு சொன்னேனே."

"அது நீளமாப் போச்சுடே, சனங்க வெயில்ல நிக்க மாட்டாவ," என்றார் வைகுண்டமணி. அவர் கெட்ட மனுஷர் இல்லை, சுயம்புவின் தோளைத் தொட்டுத்தான் சொன்னார். "அதோட யோசிச்சுப் பாரு. அவிய வீட்டுக்கு வந்துட்டா, இங்க என்ன இருக்கு?"

சுயம்பு மறுபடி தேரிக்கு ஓடினான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேராச்சி, தவமணி, வீட்டுக்கு வாங்க என்று கத்த ஆரம்பித்தபோது அடுத்த பஸ்ஸுக்காகக் குழாயில் மறுபடி போட்டுவிட்டார்கள். அவன் தொண்டை கிழியக் கத்தினான். அதற்கு மேலே நாலு கம்பத்திலிருந்தும் அவனுடைய குரலே, நான்தான் துடைச்சேன், நான்தான் துடைச்சேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. முகட்டில் தடம் கடல் பக்கமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் நின்ற ஓர் அம்மாள் போனைத் தூக்கிப் பிடித்தபடி அவன் தோளைத் தட்டினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா. தடம் தெரியல."

சுயம்பு தள்ளி நின்றான்.